பட்டால்தான் புத்தி வருமா?

"கொஞ்சம் கஷ்டப்படட்டும் டாக்டர், அப்பத்தான் புத்தி வரும்." குடியை விடுவதற்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரின் கட்டிலருகே அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சொல்பவர் மனைவியாக இருப்பார், அம்மாவாக இருப்பார். அவர்கள் இத்தனை வருடம் பட்ட பாட்டைப் பார்த்தால் அப்படிச் சொன்னதற்காக யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் உடம்பு நடந்துகொள்ளும் விதம் வேறு. குடியை நிறுத்தும் அந்த முதல் வாரத்தில் உள்ளே என்ன நடக்கிறது, அந்த வேதனையை ஏன் தணிக்கத்தான் வேண்டும் என்பதை நாம் நிதானமாகப் பார்ப்போம்.

கோட்டக்குப்பத்திலிருந்து தொடங்கலாம். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே கொஞ்சம் நடந்தால் முத்தியால்பேட்டை வந்துவிடும், அது புதுச்சேரி. எல்லைக்கு வடக்கே டாஸ்மாக், தெற்கே தனியார் கடைகள். இந்தப் பக்கம் விடுமுறை விட்டால் அந்தப் பக்கம் திறந்திருக்கும். அதனால் இந்த எல்லையோர ஊர்களில் குடிப்பவருக்கு ஒரு சொட்டும் கிடைக்காத நாள் என்பது அபூர்வம். தொடர்ந்து கிடைத்துக்கொண்டிருக்கும்வரை, திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்று குடிப்பவருக்கும் தெரிவதில்லை, வீட்டாருக்கும் தெரிவதில்லை.

2020-இல் அது தெரிந்தது. மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து இரண்டு பக்கமும் கடைகள் மூடின. தமிழ்நாட்டில் மே 7 அன்று திறந்து, உயர் நீதிமன்ற உத்தரவால் உடனே மூடி, மே 16-இல் மறுபடி திறந்தார்கள். புதுச்சேரியில் மே 25 வரை ஆயிற்று. அந்த வாரங்களில் பெங்களூரு மருத்துவமனைகளுக்கு வலிப்போடும் மனக்குழப்பத்தோடும் வந்த குடிநோயாளிகளின் எண்ணிக்கை கூடியதை அங்குள்ள மனநல மருத்துவர்கள் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். கேரள அரசு, மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று உத்தரவு போட்டது. மருத்துவர்களே அதை எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. மருத்துவர்கள் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. இந்த வேதனைக்கு மதுவைவிட நல்ல மருந்து இருக்கிறது. அதற்குத்தான் வருகிறோம்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் கிட்டத்தட்ட 43 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம் உள்ளே போகிறது. எப்போதோ கல்யாணத்தில் குடிப்பவரைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. தினம் ஒன்றோ இரண்டோ குவார்ட்டர் என்று வருடக்கணக்கில் குடிப்பவர், காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கிறது என்பவர், அவரைப் பற்றித்தான் பேச்சு.

மூளையில் இரண்டு வகை ரசாயனங்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. காபா என்பது நரம்புகளை அமைதிப்படுத்தும். குளூட்டமேட் என்பது அவற்றைத் தூண்டிவிடும். ஆல்கஹால் முதலாவதன் கையை வலுப்படுத்தி, இரண்டாவதை அமுக்குகிறது. குடித்தவுடன் வரும் தளர்வும் தூக்கமும் அதனால்தான். ஆனால் தினமும் இப்படி அமுக்கினால் மூளை சும்மா இருக்காது. எதிர்ப்பக்கம் சாய ஆரம்பிக்கும். அமைதிப்படுத்தும் பக்கத்தைக் குறைத்து, தூண்டும் பக்கத்தைக் கூட்டி, குடியோடு சேர்ந்து ஒரு சமநிலையைக் கட்டிக்கொள்ளும். முன்பு ஒரு கட்டிங்கில் ஏறிய போதை இப்போது ஒரு குவார்ட்டரிலும் ஏறவில்லை என்பதன் பொருள் இதுதான்.

நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடலில் கிடக்கும் வலையின் பாரம் முன்னே இழுக்க, கயிற்றைப் பிடித்தவர்கள் குதிகாலை மணலில் ஊன்றி, முழு எடையையும் பின்னால் சாய்த்து நிற்பார்கள். அந்தக் கயிறு நடுவில் அறுந்தால் என்ன ஆகும்? எல்லாரும் பின்பக்கமாக விழுவார்கள். விழுந்தவர்களுக்கு மன உறுதி போதாது என்று யாராவது சொல்வோமா? அவர்கள் சாய்ந்து நின்றார்கள், பிடி போனது, விழுந்தார்கள். குடியை ஒரே நாளில் நிறுத்தியவரின் மூளையும் அப்படித்தான் விழுகிறது. மது போய்விட்டது, மதுவுக்கு எதிராகச் சாய்ந்த சாய்வு மட்டும் அப்படியே இருக்கிறது. அது நிமிர நாட்கள் வேண்டும்.

இந்த விழுகைக்கு ஒரு நேர அட்டவணை உண்டு. கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் கை நடுங்கத் தொடங்கும். வியர்வை, குமட்டல், படபடப்பு, தலைவலி, காரணம் தெரியாத பயம் எல்லாம் சேர்ந்து வரும். தூக்கம் வராது. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். ஊரில் ஃபிட்ஸ் என்கிறோமே, அதுதான். சிலருக்குத் தோலில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும், இல்லாத குரல் கேட்கும். இரண்டாம் நாள் முடிந்து மூன்றாம், நான்காம் நாளில், எல்லாருக்கும் இல்லை, ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் பெரிய குழப்பம் வருகிறது. இடம் தெரியாது, பகலா இரவா தெரியாது, சுவரில் பாம்பைப் பார்ப்பார், கட்டிலை விட்டு இறங்கி ஓடுவார். காய்ச்சலும் இதயத் துடிப்பும் ஏறும். 1813-இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த நிலைக்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயரிட்டார். நல்ல சிகிச்சை இல்லாத காலத்தில் இதில் மூன்றில் ஒருவர்வரை இறந்ததாகப் பழைய மருத்துவப் பதிவுகள் சொல்கின்றன. இன்று உரிய நேரத்தில் மருத்துவமனையில் இருந்தால் இருபதில் ஒருவருக்கும் குறைவு.

இந்த அட்டவணை தெரியாததால் நடக்கும் ஒரு விபரீதத்தை எலும்பு முறிவு வார்டுகளில் அடிக்கடி பார்க்கலாம். சாலையில் வண்டியிலிருந்து விழுந்து கால் உடைந்த ஒருவரைச் சேர்ப்பார்கள். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டால், கௌரவம் பார்த்து, "எப்பவாவதுதான் சார்" என்பார்கள் வீட்டார். அறுவை சிகிச்சை நன்றாக முடியும். மூன்றாம் நாள் இரவு அவர் கட்டுப்போட்ட காலோடு இறங்கி நடக்கப் பார்ப்பார், யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார். மயக்க மருந்து தலைக்கேறிவிட்டது என்பார் ஒருவர், காத்து கருப்பு என்பார் இன்னொருவர். மூன்று நாளாக அவர் குடிக்கவில்லை என்பது மட்டும் யாருக்கும் நினைவுக்கு வராது.

நடுக்கம், வலிப்பு, குழப்பம் இதெல்லாம் சத்துக் குறைவால் வருவது, அல்லது அதிகம் குடித்ததன் நஞ்சு என்றுதான் மருத்துவர்களில் பலரும் ஒரு காலத்தில் நம்பினார்கள். 1955-இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர் ஒரு சோதனை வெளியிட்டார்கள். முன்பு மார்ஃபின் பழக்கம் இருந்த பத்துப் பேருக்கு நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்து, கூடவே வாரக்கணக்கில் மதுவும் கொடுத்தார்கள். பிறகு சட்டென்று நிறுத்தினார்கள். ஏறக்குறைய ஏழு வாரமோ அதற்கு மேலோ குடித்தவர்களில் சிலருக்கு வலிப்பு வந்தது, சிலருக்குப் பெரிய குழப்பம் வந்தது. சத்துக் குறைவு இல்லாமலே வந்தது. நிறுத்தியதுதான் காரணம் என்பது உறுதியானது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படியொரு சோதனையை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் அந்தப் பத்துப் பேர் பட்டதில் கிடைத்த அறிவை நாம் வீணாக்கக் கூடாது.

இப்போது அந்தப் பேச்சுக்குத் திரும்புவோம். "பட்டால்தான் புத்தி வரும்." கையைச் சுட்டுக்கொண்ட குழந்தை அடுப்பிடம் போகாது, அதேபோல வேதனை பட்டவர் பாட்டிலிடம் போகமாட்டார் என்பது இதன் அடியில் இருக்கும் எண்ணம். குழந்தை விஷயத்தில் அது சரி. சுட்டது அடுப்பு, தள்ளி நின்றால் வலி இல்லை. இங்கே நடப்பது நேர் எதிர். தள்ளி நின்றால் வலிக்கிறது, பாட்டிலைத் தொட்டால் வலி போகிறது. நடுங்கும் கையோடு ஒருவர் ஒரு கட்டிங் போட்டால் கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நிற்கிறது, வயிறு அடங்குகிறது, பயம் விலகுகிறது. ஒவ்வொரு காலையும் மூளை படிக்கும் பாடம் ஒன்றே: இந்த வேதனைக்கு மருந்து மதுதான். வேதனை எவ்வளவு பெரியதோ, பாடம் அவ்வளவு ஆழமாகப் பதியும்.

இன்னொன்றும் இருக்கிறது. சிகிச்சை இல்லாமல் ஒருவர் நிறுத்துவதும் மறுபடி குடிப்பதும் மறுபடி நிறுத்துவதுமாக இருந்தால், ஒவ்வொரு முறையும் வேதனை கூடலாம். முதல் தடவை கை நடுக்கத்தோடு போனது, நான்காம் ஐந்தாம் தடவையில் வலிப்பாக வரலாம். நரம்புகள் ஒவ்வொரு விழுகைக்குப் பிறகும் இன்னும் எளிதில் பற்றிக்கொள்ளும் நிலைக்குப் போகின்றன என்று 1970-களிலிருந்து ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். "போன தடவை வீட்டிலேயே படுத்துச் சமாளிச்சாரே, இப்பவும் சமாளிக்கட்டும்" என்று சொல்வது அதனால் ஆபத்து. போன தடவை தப்பித்தது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் ஆகாது.

மூன்றாவது காரணம் எல்லாவற்றையும்விட எளியது. வேதனை தாங்காதவர் இரண்டாம் நாள் வார்டை விட்டு எழுந்து போய்விடுவார். போனால் நேராகக் கடைக்குத்தான். வார்டிலேயே தங்கி, நாலு வார்த்தை கேட்டு, இனி எப்படி வாழ்வது என்று யோசிக்கும் நிலைக்கு வர வேண்டுமானால், முதலில் அவரால் அந்தக் கட்டிலில் படுத்திருக்க முடிய வேண்டும். வேதனையைத் தணிப்பது செல்லம் கொடுப்பதாகாது. சிகிச்சையின் முதல் பாதியே அதுதான்.

எப்படித் தணிக்கிறார்கள்? முதலில் அளக்கிறார்கள். 1989-இல் வெளிவந்த, உலகம் முழுக்கப் பயன்படும் ஓர் அளவுகோல் இருக்கிறது. குமட்டல், நடுக்கம், வியர்வை, பதற்றம், அமைதியின்மை, தோலில் ஊர்வது, காதில் கேட்பது, கண்ணில் தெரிவது, தலைவலி, நாளும் இடமும் தெரிகிறதா என்பது என்று பத்து விஷயங்கள். மொத்த மதிப்பெண் 67. செவிலியர் வந்து, "ரெண்டு கையையும் நீட்டுங்க, விரலை விரிங்க" என்பார், "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்பார். நல்லாத்தானே இருக்கேன், எதுக்குத் திரும்பத் திரும்பக் கேக்கறாங்க என்று நோயாளிக்கு எரிச்சல் வரும். மருந்து கூட வேண்டுமா, குறைக்கலாமா என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது. வேதனையைச் சொல்ல வெட்கப்படாமல் சொன்னால் எண் சரியாக வரும்.

பிறகு மருந்து. லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் கண்டெடுத்து 1960-இல் லிப்ரியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த குளோர்டயசிபாக்சைடு, அதன் குடும்பத்தைச் சேர்ந்த டயசிபாம், கல்லீரல் கெட்டவர்களுக்குப் பெரும்பாலும் லோராசிபாம். இவை காபாவின் பக்கம் நிற்கின்றன. அறுந்த கயிற்றுக்குப் பதில் இன்னொரு கயிற்றைக் கையில் கொடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வருகிறார்கள். சாய்ந்து நின்றவர் விழாமல் நிமிர்கிறார். முதல் நாள் அளவு அதிகமாக இருக்கும், தினமும் குறையும், பெரும்பாலும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று கேட்பவர்களுக்கு இந்த இறங்குமுகமே பதில். ஆனால் இதே மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கி வீட்டில் கொடுப்பது பெரிய ஆபத்து. மேலே குடியும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும்.

மூன்றாவது, வைட்டமின் பி1, அதாவது தயாமின். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் யார் சோர்ந்து விழுந்தாலும், "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வரும்" என்போம். வருடக்கணக்கில் சாப்பாட்டைக் குறைத்துக் குடித்தவரின் உடம்பில் தயாமின் தீர்ந்துபோகும் நிலையில் இருக்கும். சர்க்கரையை எரிக்கத் தயாமின் வேண்டும். அது இல்லாத உடம்பில் குளுக்கோஸை ஏற்றினால் மிச்சமிருந்த கொஞ்சமும் செலவாகி மூளை அடிபடும். கண் அலைபாயும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். 1881-இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த நோய் இது. கவனிக்காமல் விட்டால் புதிய நினைவே தங்காத நிலைக்குப் போய்விடும். அதனால் விவரம் தெரிந்த இடத்தில் முதலில் தயாமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். தெருமுனையில் டிரிப்ஸ் ஏற்றுவதற்கும் மருத்துவமனைக்கும் உள்ள வித்தியாசம் இதில் இருக்கிறது.

மருந்துக்கு வெளியே செய்வதும் நிறைய. அறை அமைதியாக இருக்க வேண்டும், ஆனால் இருட்டாக இருக்கக் கூடாது; நிழலில்தான் பாம்பு தெரியும். கண்ணில் படும்படி கடிகாரமும் காலண்டரும் வைக்கலாம். பத்து உறவினர் வந்து சூழ்வதைவிட, அவர் நம்பும் ஒருவர் கூட இருப்பது நல்லது. "அங்க ஒண்ணும் இல்ல, நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, நான்தான் பக்கத்துல இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் பயம் இறங்கும். கட்டிப்போடுவது பதற்றத்தை ஏற்றும். கஞ்சி, இட்லி, ரசம் சாதம், மோர் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுக்கலாம். இரவில் காபி வேண்டாம். நடுக்கம் அடங்கிய பிறகும் தூக்கம் சரியாக வாரங்கள் ஆகலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. "இன்னும் தூக்கம் வரலையே, எனக்கு எதுவும் சரியாகாது" என்ற எண்ணம்தான் பலரை மறுபடி கடைக்கு அனுப்புகிறது.

வலிப்பு வந்தால் வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் இடிக்கும் பொருளை நகர்த்துங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கையில் சாவி கொடுப்பதும் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். அதேபோல, நடுக்கத்தை அடக்க விடியற்காலையில் கிடைத்ததைக் குடிப்பதும் உயிரை வாங்கும். 2023 மே மாதம் இதே கடற்கரையில், மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில், மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

நம் ஊரில் குடியை நிறுத்த இரண்டு காலங்கள் உண்டு. ரமலான் பிறை பார்த்ததும் யாரிடமும் சொல்லாமல் நிறுத்துபவர் இருக்கிறார். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொண்டு நிறுத்துபவர் இருக்கிறார். இரண்டும் நல்ல எண்ணம், அதை நான் மிகவும் மதிக்கிறேன். பலர் இப்படித்தான் மீண்டிருக்கிறார்கள். ஆனால் தினமும் காலையிலேயே குடிப்பவர், முன்பு வலிப்பு வந்தவர், கல்லீரலோ இதயமோ கெட்டவர், வயதானவர் என்றால், நிறுத்தும் நாளுக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நோயுற்றவருக்கு நோன்பில் சலுகை உண்டு, பிறகு களாவாக நோற்கலாம் என்பதை எந்த ஆலிமும் சொல்வார். குருசாமியிடம் சொன்னால் அவரும் மாத்திரையைத் தடுக்கமாட்டார். ஓதிப் பார்ப்பவர்கள் ஓதட்டும், மந்திரிப்பவர்கள் மந்திரிக்கட்டும். ஆனால் கை நடுங்கியவருக்கு மனமும் குழம்பினால் முதலில் ஆஸ்பத்திரி.

கோட்டக்குப்பத்துக்குப் பக்கத்திலேயே கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. அங்கே மனநல மருத்துவத் துறை உண்டு. மாவட்டத்துக்குள் என்றால் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மருத்துவரோ செவிலியரோ இல்லாமல் அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்துகிறோம் என்பவர்களிடம் மட்டும் ஒப்படைக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி மதுவால் வரும் மனநோய்களும் மனநோய்தான். சிகிச்சை தரும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும், நோயாளிக்கு மரியாதையாக நடத்தப்படும் உரிமை உண்டு. போய்ப் பார்த்து, இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

நடுக்கம் நின்ற நாள் குடிநோய் தீர்ந்த நாள் ஆகாது. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய அமைப்பு நடத்தும் டி.டி.கே. மருத்துவமனையில் உடம்பு தேறிய பிறகு ஆலோசனையும் குடும்பத்துக்கான பயிற்சியும் வாரக்கணக்கில் நடக்கும். மறுபடி குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் உள்ளன. அது பெரிய கதை, இன்னொரு நாள் பேசலாம். குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரை கலப்பதை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். டைசல்ஃபிராம் என்ற அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாரையாவது எதற்காகவாவது மருத்துவமனையில் சேர்க்கும்போது, அது காலுடைந்ததற்காக இருந்தாலும் சரி, மூன்று விஷயங்களை மறைக்காமல் சொல்லுங்கள்: தினமும் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா. வெட்கமாக இருந்தால் மருத்துவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி மையம் இரவும் பகலும் தமிழில் பேசும், கட்டணம் கிடையாது.